அடுத்த வருஷம் பாத்துக்கலாம்

காண்ட்ராக்ட் வாரம் வந்தால் மேலாளருக்குச் சாப்பாடு இறங்காது. அந்தக் கால்பந்து கிளப்பில் அவருக்கு இது பதினெட்டாவது வருஷம். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிறவர்கள் கோச்சும் தலைவரும். அதை ஆட்டக்காரனிடம் போய்ச் சொல்கிற பாக்கியம் மட்டும் இவருடையது. "நீங்க சொன்னாத்தான் பதமா இருக்கும்" என்பார் தலைவர். பதமாகச் சொல்லிச் சொல்லியே அவருக்கு ஐம்பத்தாறு வயதாகிவிட்டது.

மீட்டிங் அறை காலரிப் படிகளுக்கு அடியில் இருந்தது. கூரை படிப்படியாகச் சரிந்து இறங்கும். ஒதுங்கிக் கிடந்த இடத்தை வீணாக்குவானேன் என்று முந்தைய தலைவர் கட்டிய அறை. கோச் ஆறடிக்கு மேல். எழுந்து நிற்கும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொள்வார், பிறகு கூரையை ஒரு முறை முறைப்பார். பதினெட்டு வருஷத்தில் வந்த ஆறு கோச்சுகளில் இடித்துக்கொள்ளாதவர் ஒருவர்தான். அவரும் ஒரே சீசனில் போய்விட்டார்.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் மேலாளர் நூறு கட்டம் வரைந்து வைத்திருந்தார். லீக் ஒவ்வொரு கிளப்புக்கும் சம்பள உச்சவரம்பு வைத்திருந்தது. காசு உள்ள கிளப்புகள் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விடக் கூடாதாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த உச்சவரம்பை நூறாகப் பிரித்தால் ஒரு கட்டம் ஒரு பங்கு. யாருக்கு எத்தனை கட்டமோ அத்தனையில் காந்த வில்லை ஒட்டுவார். நூற்றோராவது கட்டம் என்று ஒன்று கிடையாது. தாண்டினால் லீக் புள்ளிகளைப் பிடுங்கிவிடும், அப்புறம் ஊர் வாயை மூட முடியாது.

பதினாறு பேருக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் எழுபத்தொன்பது கட்டத்தை அடைத்துக்கொண்டார்கள். அதில் கை வைக்க முடியாது. மீதி இருபத்தொன்று. ஒப்பந்தம் முடிகிறவர்கள் ஏழு பேர். புதன்கிழமை மாலைக்குள் பட்டியல் லீக்குக்குப் போயாக வேண்டும். இன்று திங்கள்.

கோல்கீப்பருக்கு எட்டு. அதில் பேச்சே இல்லை. சின்ன வயது விங்கருக்கு ஐந்து. அவனை விட்டால் மறுநாளே வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று பேர் போக வேண்டியவர்கள் என்று அவர்களுக்கே தெரியும். மிச்சம் எட்டுக் கட்டம், இரண்டு ஆள்.

ஒருவன் நடுக்கள ஆட்டக்காரன். எங்கே நின்று உதைத்தாலும் பந்து போக வேண்டிய காலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதால் அவனுக்குத் தபால் என்று பெயர். இருபத்தாறு வயது. கேட்பது சரியாக எட்டு. இன்னொருவன் கோந்து. லெஃப்ட் பேக், முப்பத்துநான்கு வயது, இந்த கிளப்பிலேயே பதினோரு சீசன். எதிரணி ஆளோடு ஒட்டிக்கொண்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு முறை எதிரணி விங்கர் ஒருவன் இடைவேளையில் கழிப்பறைக்குப் போகும்போதுகூடத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான் என்று சொல்வார்கள்.

புள்ளிவிவரம் பார்க்கிற பெண் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். "எழுபது நிமிஷத்துக்கு மேல நாம வாங்குன கோல் பன்னெண்டு சார். ஒம்போது அவர் பக்கமாத்தான் வந்திருக்கு."

"அவன் தடுத்து எடுத்துப் போட்ட பந்தையும் எண்ணினியாம்மா?" என்றார் கோச்.

"எண்ணினேன் சார். போன வருஷத்துல பாதி."

கோச் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மனசு வச்சுக்கச் சொல்லுது, கால் வேணாங்குது. என் மனசு, அவன் காலு." எல்லோரும் மேலாளரைப் பார்த்தார்கள். அவருக்கும் அதே அபிப்பிராயம்தான். அவரே எழுந்து தபாலின் எட்டு வில்லைகளையும் ஒட்டினார். பலகை நிரம்பியது. அப்போது அவருக்கு வருத்தமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். எப்போது வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம் என்றுதான் இருந்தது.

மதியம் கோந்து அவர் அறைக்கு வந்தான். கூப்பிட்டனுப்பவில்லை, தானாகவே வந்தான். பயிற்சி முடித்துக் குளித்த ஈரத்தலை. பதினோரு சீசனாக உட்கார்கிற அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சார், கையெழுத்து என்னைக்குன்னு தெரிஞ்சா நல்லாருக்கும். வீட்டு ஓனர் கேட்டுட்டே இருக்காரு, வாடகைப் பத்திரத்தைப் புதுப்பிக்கணும்."

"என்ன கையெழுத்து?" என்றார் மேலாளர்.

கோந்து சிரித்தான். சார் விளையாடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். "போன வருஷம் சொன்னீங்களே சார். ஏழு கேட்டேன். புது ஸ்ட்ரைக்கரை எடுக்கணும், இடம் பத்தல, இந்த வருஷம் நாலுக்கு ஒத்துக்கப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னீங்க. நானும் மறுபேச்சுப் பேசாம போட்டுக் குடுத்தேன்ல."

மேலாளருக்கு ஞாபகம் வந்தது. வார்த்தைகூட ஞாபகம் வந்தது.

"அந்த நேரத்துல துறைமுகத்து கிளப்காரங்க ரெண்டு வருஷம், முழுச் சம்பளம்னு கூப்பிட்டாங்க சார். உங்ககிட்ட சொல்லல, சொன்னா மிரட்டுற மாதிரி இருக்கும்னு. என் சம்சாரத்துக்கும் அங்க ஆஸ்பத்திரில தலைமை நர்ஸ் வேலை பேசி வச்சிருந்தாங்க. அவளுக்குப் போகணும்னுதான் ஆசை. நான்தான், சார் சொல்லிட்டாரு, அதுக்கு மேல என்ன வேணும்னு அடக்கிட்டேன்."

பாத்துக்கலாம் என்பது ஒரு வினோதமான சொல். சொல்கிறவன் இப்போதைக்குத் தள்ளிப்போடுகிறான். கேட்கிறவன், பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நிம்மதியாகப் போகிறான். இரண்டு பேருமே சிரித்த முகத்தோடு பிரிகிறார்கள். அந்தச் சிரித்த முகத்துக்காகத்தான் மேலாளர் பதினெட்டு வருஷமாக அந்தச் சொல்லைப் பயன்படுத்திவந்தார். அதைச் சொன்ன அன்று அவர் மனதில் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அந்த மீட்டிங் முடிய வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது.

இப்போதும் சொல்லியிருக்கலாம். பலகை நிரம்பிவிட்டது, உனக்கு இடமில்லை என்று. வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினார்.

"நாளைக்குச் சொல்றேன்பா."

"சரி சார். அவசரமில்ல" என்று கோந்து எழுந்தான். கதவருகே நின்று, "ஏழே வேணும்னு இல்ல சார். ஆறுன்னாலும் சரிதான்" என்றான். சலுகை காட்டுகிறானாம். மேலாளர் தலையை ஆட்டிவைத்தார்.

வீட்டில் மனைவி துவைத்த துணிகளைச் சாப்பாட்டு மேஜை மேலேயே போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"பாவம், அந்தப் பையனுக்குப் பழக்கமில்ல" என்றாள் கடைசியில். "எனக்குன்னா உங்க அகராதி மனப்பாடம். குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னேன், பாத்துக்கலாம்னீங்க. ரெண்டு வருஷம் அடியில வாளி வச்சேன். அப்புறம் நானே ஆளைக் கூப்பிட்டு மாத்தினேன். அதுக்கப்புறம் நீங்க பாத்துக்கலாம்னா, சரி, நடக்காதுன்னு எடுத்துக்குவேன்."

"நான் யாரையும் ஏமாத்தணும்னு சொல்லலடி."

"ஏமாத்துனீங்கன்னு யாரு சொன்னா? முடியாதுன்னா எதிர்ல இருக்கறவங்க முகம் மாறும். அதைப் பாக்க உங்களுக்குத் தைரியம் கிடையாது. அவ்வளவுதான் விஷயம்." ஒரு சட்டையை உதறி மடித்தாள். "நல்ல மனுஷன்னு பேர் வாங்கணும், காசும் செலவாகக் கூடாது."

அவருக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. ஆனால் கோபித்துக்கொள்ள எதுவும் அகப்படவில்லை. சாப்பிடாமலே போய்ப் படுத்தார்.

மறுநாள் காலையில் தலைவரிடம் போனார். தலைவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டார். துறைமுகத்து கிளப், நர்ஸ் வேலை, கொடுத்த வாக்கு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். "கோந்துக்குக் குறைஞ்சது எவ்வளவு குடுக்கணும்?"

"மூணு கட்டம். பத்து வருஷம் ஆடினவங்களுக்கு அதுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு லீக் விதி." வயதான ஆட்டக்காரர்களைக் காப்பாற்றப் போட்ட விதி அது. அந்த விதியாலேயே வயதான ஆட்டக்காரர்களை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

"அப்பத் தபால்கிட்டப் பேசுங்க. எட்டுக்குப் பதிலா அஞ்சு. மூணு மிச்சமாகுது, கோந்து உள்ள வந்துடுவான். உங்க வாக்கும் காப்பாத்தினாப்ல இருக்கும்."

"தபால் ஒத்துக்கணுமே."

"நீங்க சொன்னா ஒத்துக்குவான். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லுங்க." தலைவர் உண்மையான பிரியத்தோடு சிரித்தார். "பக்கத்து கிளப்புலல்லாம் வக்கீல் வச்சு மல்லுக்கட்டறாங்க. நமக்கு அந்தத் தொல்லையே இல்ல. உங்க வாய்ச்சொல்லுலயே வருஷத்துக்குப் பத்துக் கட்டம் மிச்சமாகுது. எனக்குத் தெரியாதுன்னா நினைக்கறீங்க?"

மேலாளர் வெளியே வந்து தாழ்வாரத்தில் சற்று நேரம் நின்றார். தன்னைப் பதினெட்டு வருஷமாக எதற்காக வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது இன்றைக்குத்தான் தெளிவாகப் புரிந்தது. அவமானமாக இருந்தது. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் அவமானத்தையும் சோர்வு தின்றுவிடும். தலைவர் சொன்னதில் வழி இருந்தது. கோந்து இருப்பான். அவன் மனைவி முகத்தில் விழிக்கலாம். ஒரே ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும்.

தபால் சிகிச்சை அறையில் கட்டிலில் உட்கார்ந்து கணுக்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் எழப்போனான். "உக்காருப்பா" என்று தோளை அழுத்தினார். குடும்பம் எப்படி, கால் எப்படி என்று பதமாகத் தொடங்கினார். எட்டுக் கட்டம் என்பது நியாயமான கோரிக்கைதான் என்றார். ஆனால் பலகையில் இடநெருக்கடி என்றார். அஞ்சு என்றால் எப்படி இருக்கும் என்றார். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. பழகிய கை.

தபால் முகம் சுருங்கியது. கொஞ்சம்தான். "எட்டு வரும்னு வீட்ல சொல்லிட்டேன் சார்" என்றான். ஐஸ் பையை அப்படியும் இப்படியும் நகர்த்தினான். "சரி, நீங்க சொன்னா ஒரு காரணம் இருக்கும். கோந்தண்ணன் எப்பவும் சொல்வாரு, எழுதிக் குடுத்த பத்திரத்தைக்கூட நம்பாத, மேனேஜர் சார் வாயால ஒண்ணு சொன்னா நம்புன்னு. அடுத்த வருஷம் சரி பண்ணிடுவீங்கல்ல சார்?"

அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று மேலாளருக்குத் தெரியும். பதினாறு பேரில் ஐந்து பேருக்கு ஒப்பந்தத்திலேயே சம்பள உயர்வு எழுதியிருந்தது. அடுத்த வருஷம் மீதமிருக்கப் போவது இருபத்தொன்றும் இல்லை, அதைவிடக் குறைவு. இவனுக்கு எட்டு என்ன, ஆறுகூடக் கிடைக்காது. இதைத் தெரிந்துகொண்டே சொல்வதற்கு முன்பெல்லாம் ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. அடுத்த வருஷத்தை அவர் எண்ணிப் பார்ப்பதே இல்லை, அதனால்தான்.

"இல்லப்பா" என்றார்.

"சார்?"

"அடுத்த வருஷம் சரி பண்ண முடியாது. நீ எட்டுக்கே கையெழுத்துப் போடு. நான் கேட்டதை மறந்துடு."

தபாலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிடைத்ததை விடுவானேன் என்று தலையாட்டினான். மேலாளர் அன்று மதியமே பட்டியலைத் தட்டச்சு செய்து, கோல்கீப்பர், விங்கர், தபால் என்று மூன்று பேரைப் போட்டு லீக்குக்கு அனுப்பினார். புதன்கிழமை வரை பொறுக்கவில்லை. பொறுத்தால் தன் நாக்கைத் தானே நம்ப முடியாது என்று தோன்றியது. தலைவர் போனில் காய்ச்சி எடுத்தார். இவர் கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கோந்து வீட்டுக்குப் போனார். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்பதும் முகத்தைப் பார்க்காமல் தப்பிக்கிற வழிதான். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்கிக்கொண்டு மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தது கோந்துவின் மனைவி. ஆஸ்பத்திரிச் சீருடைகூட இன்னும் மாற்றவில்லை. ஒரு நொடி திகைத்தவள், முகம் முழுக்க மலர்ந்து உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "இங்க வாங்களேன், சார் வீட்டுக்கே வந்துட்டாரு!" சோபாவில் இருந்த துணி மூட்டையை அவசரமாக அள்ளி இடம் பண்ணினாள். "உக்காருங்க சார். இவருதான் நாளைக்குச் சொல்வாரு, நாளைக்குச் சொல்வாருன்னுட்டு இருந்தாரு. நேர்லயே வருவீங்கன்னு நினைக்கல."

கோந்து உள்ளிருந்து வந்தான். இவர் உட்காராமல் நிற்பதைப் பார்த்தான். பதினோரு சீசன் பழகியவன். அவன் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"நீ பட்டியல்ல இல்லப்பா" என்றார் மேலாளர். "உனக்கு இடமில்ல. மதியமே அனுப்பியாச்சு."

பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பப் போன வருஷம் சொன்னது?" என்று கேட்டது மனைவிதான். இன்னும் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"போன வருஷம் நான் எதுவுமே சொல்லலம்மா. சொன்ன மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். இவர் அதை நம்பி அங்க போகாம இருப்பாருன்னு நான் நினைச்சுப் பாக்கல. நினைச்சுப் பாத்திருக்கணும். தப்பு என்னோடதுதான்."

"இவரு கால் முன்ன மாதிரி இல்லன்னு எனக்கும் தெரியும் சார்" என்றாள் அவள். "நானே ராத்திரி ஒத்தடம் குடுக்கறவ. இந்த வருஷம் வேணாம்னா வேணாம், அது உங்க வேலை. ஆனா ஒரு வழியுமே இல்லாமப் போச்சா? ஒரு வருஷம், அரை வருஷம்?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இல்லம்மா, வழியே இல்ல என்றால் முடிந்தது. எல்லோருக்கும் அதுதான் சுலபம். ஆனால் இன்று ஒரு நாளாவது உள்ளதைச் சொல்லிவிடுவது என்று கிளம்பி வந்திருந்தார். அதில் ஒரு பெருமைகூட அவருக்கு ரகசியமாக இருந்தது.

"ஒரு வழி இருந்துச்சும்மா. தபால்கிட்ட சம்பளத்தைக் குறைச்சுக்கச் சொல்லிட்டு, இவர்கிட்ட சொன்னதையே அவன்கிட்டயும் சொல்லணும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு. அது பொய்னு தெரிஞ்சே சொல்லணும். இன்னொருத்தரையும் அப்படி ஏமாத்த எனக்கு மனசாட்சி இடம் குடுக்கலம்மா."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி மூட்டை இன்னும் அவள் கையிலேயே இருந்தது. கோந்து, "விடு" என்றான் மெதுவாக. அவள் விடவில்லை.

"எங்ககிட்டச் சொன்னப்ப வராத மனசாட்சி, எங்க முறை வர்றப்பதான் உங்களுக்கு வந்துச்சா சார்?"

படியேறிய மூச்சு இன்னும் அவருக்கு அடங்கவில்லை. சொல்வதற்கு எத்தனையோ பதமான வார்த்தைகள் கைவசம் இருந்தன.

"ஆமாம்மா" என்றார்.

கோந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். மேலாளர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.